ஊசி போட்டாச்சு, சொட்டு இன்னும் நிற்கவில்லை

இந்த முறை எடுத்திருக்கும் கடிதம், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்யும் 29 வயது இளைஞருடையது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

தீபாவளிக்குப் பத்து நாளைக்கு முன் கொழும்பில் ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் சேர்ந்திருக்கிறார். நாலாம் நாள் சிறுநீர் போகையில் எரிவு, மஞ்சள் சீழ். கூட வேலை செய்பவர் சொல்லி, பாமசியில் ஐந்து மாத்திரை வாங்கி விழுங்கினார். சீழ் குறைந்தது. குணமாகிவிட்டது என்று நினைத்து தீபாவளிக்கு ஊருக்குப் போய் மனைவியோடு இருந்திருக்கிறார். கொழும்பு திரும்பிய மூன்றாம் நாள் சீழ் மறுபடி வந்துவிட்டது. அப்போதுதான் அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போனார். கொனோரியா, அதாவது நம் ஆட்கள் வெட்டை என்று சொல்லும் நோய். ஓர் ஊசி போட்டு, காலையும் இரவுமாக ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்து, மனைவியையும் கூட்டி வரச்சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். அந்தத் துண்டு பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் மடித்தபடி இருக்கிறது. மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி.

ஊசி போட்டு மூன்று வாரமாகிறது. சீழ் இல்லை. ஆனால் லேசான எரிவு, காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர், கீழே ஒரு கனம். “ஆம்பளத்தனமும் போயிருச்சி போல” என்று எழுதியிருக்கிறார். இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா, போனில் விளம்பரம் பார்த்த நரம்புத் தளர்ச்சி மருந்தை வாங்கலாமா, தன்னிடம் மிஞ்சியிருக்கும் நாலு மாத்திரையை மனைவிக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். உங்களுக்குப் போட்ட ஊசி வேலை செய்திருக்கிறது. இரண்டு நாளில் சீழ் நின்றது என்கிறீர்கள், மூன்று வாரமாகத் திரும்பவும் வரவில்லை. வெட்டைக் கிருமி சாகாமல் இருந்தால் இப்படி அடங்கிக் கிடக்காது. பாமசி மாத்திரைக்குப் பிறகு எப்படித் திரும்பியது என்பதை நீங்களே பார்த்தீர்கள். அந்த மாத்திரையின் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை. இப்படி வருகிறவர்களின் கையில் நான் அதிகம் கண்டது சிப்ரோஃப்ளொக்சசின். ஒரு காலத்தில் வெட்டைக்கு அது நல்ல மருந்துதான். ஆசிய நாடுகளில் இந்தக் கிருமி அதற்குப் பழகிப்போய்ப் பல வருடமாகிறது. கிருமியில் கொஞ்சம் சாகும், சீழ் குறையும், மிச்சம் மறுபடி பெருகும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் ஹட்டன் பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். நர்ஸ் சிங்களத்தில் “மாச துனகின் ஆயெத் என்ன” என்று சொன்னதை வைத்து, நோய் உடம்பை விட்டுப் போக மூன்று மாதமாகும் என்று எடுத்திருக்கிறீர்கள். அவர் சொன்னது, மூன்று மாதத்தில் மறுபடி வாருங்கள் என்பதை மட்டும்தான். அது இரத்தச் சோதனைக்கு. எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றிய உடனே இரத்தத்தில் தெரியாது. முதல் நாள் எடுத்த இரத்தம் சுத்தம் என்றால், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை நீங்கள் சுத்தம் என்றுதான் பொருள். எச்.ஐ.வி.க்கு இப்போதைய சோதனைகள் ஆறேழு வாரத்திலேயே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். இருந்தாலும் மூன்று மாதத்தில் ஒரு தடவை பார்த்தால் இரண்டுக்குமே சந்தேகம் இருக்காது. அடுத்த முறை பாதி விளங்கினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

விரலை எடுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் மூன்றாம் பக்கம். “காலையில எழும்பினவுடனே அடியிலிருந்து நுனி வரைக்கும் அழுத்திப் பிழிஞ்சி, வாற சொட்ட டோர்ச் வெளிச்சத்துல பாப்பேன். கடையிலயும் ஒரு அஞ்சாறு தடவ பாத்ரூம் போய் பாப்பேன்.”

சிறுநீர்க் குழாயின் உட்தோல் கன்னத்தின் உட்புறம் போல மெல்லியது. கிருமி செத்த பிறகும் அந்தத் தோல் ஆற இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதை நாளைக்கு ஆறு தடவை பிழிந்தால் நோயே இல்லாத ஆளுக்கும் தண்ணீர் போல ஒரு சொட்டு வரும், எரியும், நுனி சிவக்கும். புண் ஆறிவிட்டதா என்று பார்க்கப் பொருக்கை உரித்து உரித்துப் பார்க்கும் கதைதான் இது. எத்தனையோ ஆண்கள் இதே டோர்ச் வெளிச்சத்தோடு வந்திருக்கிறார்கள். இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி என்று வெளியே போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு நான் கொடுத்த மருந்து, பத்து நாளைக்குக் கை வைக்காதே என்பது மட்டும்தான்.

நீங்களும் பத்து நாள் விடுங்கள். பார்க்காமல் இருக்க முடியாவிட்டால் வெள்ளை உள்ளாடை போடுங்கள். சீழ் என்றால் மஞ்சளாகவோ பச்சையாகவோ துணியில் கறை பிடிக்கும், நீங்கள் தேடிப்போகத் தேவையில்லை. ஆசை வரும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் வரும் பிசுபிசுப்பு எல்லா ஆணுக்கும் வருவது. அது தாது நஷ்டமும் இல்லை, நோயும் இல்லை.

எரிவுக்கு இன்னொரு சாதாரணக் காரணம் இருக்கலாம். கடையில் காலை எட்டு மணியிலிருந்து பிளேன்டீயில்தான் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து ஆட்களுக்குக் குளிரில் தண்ணீர் குடிக்காத பழக்கம் உண்டு. கொழும்பு வெயிலுக்கு இறங்கிய பிறகும் அது மாறுவதில்லை. சிறுநீர் கடும் மஞ்சளாகத் தடித்துப் போனால், ஆறிவரும் தோலில் எரியத்தான் செய்யும். ஊரில் இதைச் சூடு என்று சொல்லித் தம்பிலியும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுப்பார்கள். கிருமி அதனால் சாகாது, ஆனால் எரிவு குறையும். குடியுங்கள்.

பத்து நாளுக்குப் பிறகும் எரிவும் சொட்டும் அப்படியே இருந்தால், அல்லது இடையில் மஞ்சள் தெரிந்தால், கிளினிக்குக்குத் திரும்பிப் போக வேண்டும். வெட்டையோடு கூடவே வேறு கிருமிகளும் வரலாம். கிளமிடியா அதில் முக்கியமானது, உங்களுக்கு ஏழு நாள் கொடுத்த மாத்திரை அதற்குத்தான். கூட்டாளி கல்யாணத்தில் குடித்து, இரண்டு நாள் மாத்திரை தவறியதைக் கிளினிக்கில் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லுங்கள். சாராயம் மருந்தை முறித்துவிட்டதே என்று கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை தவறிய நாலு மாத்திரையைப் பற்றித்தான். அவற்றை இப்போது விழுங்க வேண்டாம், பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முழுச் சுற்றும் மறுபடி வேண்டுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். மைக்கோபிளாஸ்மா, டிரைக்கோமோனாஸ் என்ற இன்னும் இரண்டு கிருமிகள் அந்த ஊசிக்கு அசைவதில்லை, அவற்றுக்கு மருந்து வேறு. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு ஊசி வேண்டாம் என்கிறேன். நுனியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சீழ் அணுக்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரிந்துவிடும். போகுமுன் இரண்டு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காமல் போங்கள். கழித்துவிட்டுப் போனால் பார்க்க வேண்டியது கழுவிப் போயிருக்கும்.

கீழே கனம் என்பதைச் சும்மா விடவும் மனமில்லை. விதையின் பின்பக்கத்துக் குழாயில் தொற்று ஏறினால் இப்படிக் கனக்கும், தொட்டால் நோகும், ஒரு பக்கம் வீங்கும். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் பத்து நாள் என்ற கணக்கு உங்களுக்கு இல்லை, உடனே போங்கள். திடீரென்று ஒரு விதையில் உயிர்போகும் வலி, கூடவே வாந்தி என்றால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். நடுச்சாமமானாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆறு மணித்தியாலத்துக்குள் என்றால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். முழங்கால், கணுக்கால் வீங்கிக் கண்ணும் சிவந்தால், நோய் வந்து போனதையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் மூட்டுவலிக்கு மருந்து தருவார்.

பிள்ளை பிறக்காமல் போகுமா என்ற பயத்துக்கு ஒரு வரி போதும்: சீக்கிரம் வைத்தியம் செய்த வெட்டை அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

மிட்வைஃப் எடுத்த இரத்தம்

“அவளுக்கு கிளினிக்ல ரத்தம் எடுத்து பாத்தாச்சி, ஒண்ணுமில்லன்னு மிட்வைஃப் சொல்லிட்டாங்க, அவளுக்கு சீழும் இல்ல” என்று மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதில் மூன்று தவறு இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இரத்தத்தில் சிபிலிசையும் எச்.ஐ.வி.யையும் பார்ப்பார்கள். அது பெரிய காரியம்தான். இந்த இரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்ததென்றால், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய மிட்வைஃப்மாருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வெட்டையும் கிளமிடியாவும் அந்த இரத்தத்தில் தெரியாது. இரண்டாவது, அந்த இரத்தம் எடுத்தது ஆவணியில். நீங்கள் வீட்டுக்குப் போனது தீபாவளிக்கு. மூன்றாவது, பெண்களில் பலருக்கு இந்த இரண்டு தொற்றும் ஓர் அறிகுறியும் காட்டாது. ஆணுக்கு நாலாம் நாள் துணி நனைகிறது. பெண்ணுக்கு உள்ளே, கர்ப்பப்பை வாசலில், சத்தமில்லாமல் இருக்கும்.

அவருக்குத் தொற்றியிருந்தால் குறைமாதத்தில் பிரசவமாகலாம். பிள்ளை பிறக்கும் வழியில் கிருமி கண்ணில் ஏறினால், இரண்டு மூன்று நாளிலேயே கண் வீங்கிச் சீழ் வடியும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும். இது உங்களைப் பயமுறுத்த எழுதியதில்லை. மூன்று மாதம் கையில் இருக்கிறது, அது தாராளமான காலம். அவருக்கு வேண்டியது அநேகமாக ஓர் ஊசியும் ஒரே வேளையில் விழுங்கும் மாத்திரையும்தான், இரண்டும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடியவை. சோதனையில் தெரியும்வரை காத்திருக்காமலே, தொற்றிய ஆளின் துணை என்பதற்காகவே வைத்தியம் செய்வார்கள். பிறகு ஒரு மாதம் போல் கழித்து ஒரு சோதனை.

அப்படியென்றால் தேத்தண்ணியில் கலந்து கொடுத்தால் என்ன என்கிறீர்கள். உங்களுக்குத் தந்தது டொக்சிசைக்கிளின். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் பற்களில் கறை பிடிக்கவைக்கக்கூடிய மருந்து வகை அது, ஆறாம் மாதத்தில் கொடுக்கவே கூடாது. வெட்டைக்கு அது போதாது, அதற்கு ஊசிதான். எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் உங்களுக்குத் தெரியாது. உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால், என்ன சாப்பிட்டாய் என்று டிஸ்பென்சரியில் கேட்பார்கள். தேத்தண்ணி மட்டும்தான் என்று அவர் சொல்வார். இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும், இன்னொருவர் உடம்புக்குள் அவருக்குத் தெரியாமல் மருந்தை அனுப்புவதற்கு வைத்தியம் என்று பெயரில்லை. இந்தக் கேள்விக்கு என் பதில் முடியாது என்பதுதான், எந்த வகையிலும் முடியாது.

எப்படிச் சொல்வது

இதற்கு நோகாத வழி இருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். இருப்பது இரண்டு வழி. நீங்களே சொல்வது ஒன்று. அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வைத்தியரோ தாதியோ கூட இருக்கும்போது சொல்வது மற்றது. இரண்டாவதில் நோயைப் பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள், நீங்கள் உங்கள் பங்கை மட்டும் சொன்னால் போதும். ஆனால் ஸ்கேன் எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். வாசலில் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பெண்ணுக்கு அந்தப் பொய் முதல் குற்றத்தைவிடப் பெரிதாகத் தெரியும். “எனக்கு ஒரு தொற்று வந்து வைத்தியம் செய்தேன், உனக்கும் பிள்ளைக்கும் பார்க்க வேணும், பிழை என்னுடையது” என்ற அளவுக்காவது பஸ் ஏறுமுன் சொல்லிவிடுங்கள். பப்ளிக் டொயிலெட்டில் தொற்றியது என்ற கதையும் வேண்டாம். கிளினிக்கில் அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது உடைந்துவிடும்.

லயத்துக்குள் வைத்துச் சொல்லாதீர்கள். ஒரு காம்பராவில் பேசினால் மூன்று காம்பராவுக்குக் கேட்கும். மாமியாருக்கு முன்னாலே அவர் அழவும் முடியாது, உங்களை ஏசவும் முடியாது. கோயில் பாதையோ ஸ்டோர் பக்கத்து ரோட்டோ, ஆளில்லாத இடமாகப் பாருங்கள். அவர் கோபப்படுவார். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லலாம், போகவும் செய்யலாம். அது அவருடைய முடிவு, அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். எங்கே போனாலும் ஊசி மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்பதைச் சொல்லுங்கள்.

பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வாசலில் நின்று ஊருக்கே சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம். இரகசியம் காப்பதில்தான் அந்தக் கிளினிக்குகளே நடக்கின்றன. அது போனால் அடுத்த நாள் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வேறு வைத்தியரின் கடிதம் எதுவும் தேவையில்லை, நேராகப் போகலாம், காசும் இல்லை. நுவரெலியாவில் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்றால் கண்டிக்கோ பதுளைக்கோ போங்கள், இரண்டு இடத்திலும் கிளினிக் உண்டு. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் தூரம். இந்த வாரமே இரண்டு நாள் லீவு எடுங்கள்.

அவருக்கு வைத்தியம் முடிந்து ஏழு நாள் ஆகும்வரை சேராமல் இருங்கள். அதற்குப் பிறகும் உங்களுடைய மூன்று மாத இரத்தம் வரும்வரை ஆணுறை கட்டாயம். கர்ப்ப காலத்தில் புதிதாக ஏறும் சிபிலிஸ் பிள்ளைக்கு வெட்டையைவிடக் கொடியது. கொழும்புப் பெண்ணின் போன் நம்பர் இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கும் சீழ் தெரிந்திருக்காது.

நரம்புத் தளர்ச்சிக் கோர்ஸ்

மூன்று மாதக் கோர்ஸ் 18,000 ரூபாய் என்கிறார்கள். உங்கள் சம்பளத்தில் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, பிரசவச் செலவு வரப்போகிறது என்பது மட்டும் தெரியும். காலையில் எழும்பும்போது விறைப்பு வருகிறது, மற்ற நேரம்தான் நினைத்தாலும் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நரம்பு கெட்டவனுக்குக் காலையிலும் வராது. நாளைக்கு ஆறு தடவை அந்த உறுப்பை நோயாளியாகவே பார்க்கிறீர்கள், பர்ஸைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டைப் பார்க்கிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் ஆசை எழாது. மனைவியிடம் சொல்லி முடித்துச் சில வாரமாகியும் இப்படியே இருந்தால் எழுதுங்கள், அப்போது வேறு என்ன என்று பார்ப்போம். அந்த லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவரும் சொல்லமாட்டார், டப்பாவும் சொல்லாது.

கடைசியில் ஓரமாக ஒன்று எழுதியிருந்தீர்கள், அறையில் கூட இருக்கும் உங்கள் தம்பிக்கு ஒட்டிவிடும் என்று அவனைத் தரையில் படுக்கவைத்திருப்பதாக. வெட்டை பாயில், பாத்திரத்தில், ஒன்றாகச் சாப்பிடுவதில் ஒட்டாது. சீழ் இருந்தபோது உங்கள் துவாயைத் தனியாக வைத்தது சரி, இப்போது அதற்கும் தேவையில்லை. அவனைக் கட்டிலுக்குக் கூப்பிடுங்கள், மூன்று வாரமாகச் சீமெந்துத் தரையில் கிடக்கிறான்.